ஒரு சாயங்காலத்துக்கு மினுங்கிய சாரட்டு

கறுப்புச் சாரட்டு ஒன்று என் கண்முன்னாலேயே வெளுத்துப்போனது.

ஆனி மாதம். திருநெல்வேலி டவுனில் மேலரத வீதி. மாப்பிள்ளை அழைப்பு. முன்னால் நாகசுரம், நடுவில் தீவட்டிகள், பின்னால் இரண்டு வெள்ளைக் குதிரைகள் இழுக்க, பட்டுத் தலைப்பாகையின் பாரம் தாங்காமல் கழுத்தை விறைத்துக்கொண்டு ஒரு மாப்பிள்ளை. சாரட்டு மினுங்கிய மினுக்கத்தில் மாப்பிள்ளையை யாரும் பார்க்கவில்லை. தீவட்டி ஒவ்வொன்றும் அதன் கதவுக்குள் இன்னொரு தீவட்டியாக எரிந்துகொண்டு போயிற்று.

அப்போது மேற்கேயிருந்து சாரல் வந்தது.

அதை மழை என்று சொன்னால் மழை கோபித்துக்கொள்ளும். எங்கோ மலை தலை துவட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஈரத்துணி உதறப்படுகிறது. ஒரு துளி நம் புறங்கையில். அவ்வளவுதான். குடையை விரிக்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லை. ஊர்வலம் நான்கு வீதியும் பைய நகர்ந்தது.

முதலில் கதவின் கீழ் விளிம்பில், மூச்சுப்பட்ட கண்ணாடி போல ஒரு மங்கல். பிறகு பொட்டுப் பொட்டாக. பிறகு பொட்டுகள் கைகோத்துக்கொண்டன. பெண் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும்போது, வண்டி முழுக்க விபூதியைக் கரைத்துத் தெளித்தது போலிருந்தது.

கூட்டத்தில் ஒரு குரல்: "ஏலே, வண்டிக்குத் தேமல் வந்துட்டுலே!"

வீதி முழுக்கச் சிரித்தது. பெண்ணின் தகப்பனார் காந்திமதிநாத பிள்ளை மட்டும், சந்தனக் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி, சிரிக்காமல் நின்றார். வண்டி அவருடையது.

என் பக்கத்தில் ஞானமுத்து அத்தான் நின்றுகொண்டிருந்தார். என் அக்காளின் புருஷர். அவர் முகத்தில் சந்தோஷத்தைத் தேடினேன். அந்தச் சந்தோஷத்துக்கு அவருக்கு உரிமை இருந்தது. அவரோ வண்டியையே பார்த்துக்கொண்டு, "காய விடாம வெளிய எடுத்திருக்கான், மாப்ள," என்றார். நோயாளியைப் பார்த்துவிட்டு வரும் வைத்தியரின் குரல் அது.

ஈரச் சாக்கும் மூச்சடக்கமும்

பேட்டையில் எங்கள் பட்டறை. வண்டிகளுக்குச் சாயமும் வார்னிஷும் பூசுவது தொழில். கோச்சு வண்டி, சாரட்டு, வில்வண்டி, எது வந்தாலும் சரி. அத்தான் பூசுவார். நான் கோடு இழுப்பேன். சக்கரத்தின் ஆரக்கால்களிலும் கதவின் ஓரத்திலும் பொன்னிறத்தில் ஓடும் மெல்லிய கோடு. மூச்சை அடக்கி, நீண்ட மயிர்த் தூரிகையால் ஒரே இழுப்பில் இழுக்க வேண்டும். இன்றைக்கு நான் எழுதும் வாக்கியங்கள் நடுங்குகின்றன என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்வேன். அந்தக் கோடுகள் நடுங்கியதில்லை.

அத்தான் தூத்துக்குடித் துறைமுகத்துப் பக்கம் இந்த வேலையைக் கற்றவர். அவர் வார்னிஷ் பூசும் நாள் எங்களுக்குப் பெரிய வெள்ளிக்கிழமை மாதிரி. தரையில் தண்ணீர் தெளித்துத் தூசியை அடக்குவோம். கதவுக்கு ஈரச் சாக்கு. நூல் பிசிறு பறக்கும் என்று மேல்துண்டைக் கழற்றி வெளியே போடுவோம். தும்மல் வந்தால் ஓடிப்போய்த் தெருவில் தும்ம வேண்டும். ஆளிவிதை எண்ணெயும் டர்பன்டைனும் கலந்த வாசனையில், வெளியே மாட்டு வண்டிகள் போகும் சத்தம் வேறு உலகத்துச் சத்தமாகக் கேட்கும்.

ஒரு பூச்சு காய நாட்கள் பிடிக்கும். காய்ந்ததும் நுரைக்கல்லும் தண்ணீரும் கொண்டு தேய்த்து அதன் பளபளப்பையெல்லாம் கொன்றுவிட்டு, அதன் மேல் அடுத்த பூச்சு. மறுபடி தேய்ப்பு. மறுபடி பூச்சு. ஒரு வண்டி முடிய மாதத்துக்கு மேலாகும். முடிந்தபின் வெயிலா, மழையா, ஆற்றில் இறக்கிக் கழுவினாலும் சரி, பத்து வருஷத்துக்கு அசையாது.

இதை அத்தான் வருகிற எல்லாரிடமும் சொன்னார். வந்தவர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். அங்கேதான் தொல்லை.

"யோசிச்சுச் சொல்லுதேன்"

எங்களுக்கு எதிர்ச்சாரியில் ஆறுமுகம் கடை போட்டான். கோவில்பட்டிப் பக்கத்து ஆள். அரக்கைச் சாராயத்தில் கரைத்து, பஞ்சு உருண்டையில் தொட்டுத் தேய்ப்பான். காலையில் வண்டியை விட்டால் பொழுது சாயுமுன் முகம் பார்க்கலாம். ஊர் அவனுக்கு 'ஒருநாள் ஆறுமுகம்' என்று பேர் வைத்தது. கூலியும் எங்களுடையதில் ஒரு துணுக்கு.

வந்தவர்களின் ருசிகள் பலவிதம். காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் அத்தான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "மாஷா அல்லாஹ், ரொம்ப நல்ல வேலை. நமக்கு இவ்வளவு நல்ல வேலை வேண்டாம்," என்றார். அதைவிட மரியாதையாக ஒருவர் எங்களை வேண்டாம் என்று சொன்னதில்லை. பாளையங்கோட்டை வாத்தியார் ஒருவர் வேறு யோசனை கொண்டுவந்தார்.

"வலப்பக்கம் மட்டும் பூசித் தாரும். அந்தப் பக்கந்தான் தெருவப் பாத்து நிக்குது."

"அப்ப இடப்பக்கம், சார்?"

"அது சுவரப் பாத்து நிக்குது. சுவர் என்ன, குறை சொல்லவா போகுது?"

அந்த வரிசையில்தான் காந்திமதிநாத பிள்ளையும் வந்தார். மகள் கல்யாணத்துக்குச் சாரட்டைப் புதுசாக்க வேண்டும். அத்தான் உற்சாகமாக ஆரம்பித்தார். அடிப்பூச்சு, தேய்ப்பு, கறுப்பு, அதன் மேல் வார்னிஷ் இத்தனை கை, பத்து வருஷம். பிள்ளை வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"யோசிச்சுச் சொல்லுதேன்வே," என்று எழுந்தார். தெருவைக் கடந்தார். நேராக ஆறுமுகம் கடைக்குள் போனார். யோசிக்க அவருக்குத் தெருவின் அகலம் போதுமானதாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானம் அத்தான் சாப்பிடவில்லை. கைக்கு வேலை இல்லாமல் மாதங்கள் ஆகியிருந்தன. நான் அப்போது அதிகம் கவலைப்படவில்லை. தாமிரபரணிக் கரையில் உட்கார்ந்து, மருத மர நிழல் தண்ணீரில் கோடு இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அத்தானுக்கோ காப்பாற்ற ஒரு குடும்பம் இருந்தது. அக்காள் முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள்.

கப்பலுக்கு ஒரு பெட்டி

கொழும்பில் வண்டிப் பட்டறை வைத்திருந்த தூரத்து உறவினர் ஒருவர், அத்தான் வந்தால் இடம் உண்டு என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். ஆடி பிறப்பதற்குள் வர வேண்டும். போனால் திரும்ப எத்தனை வருஷம் ஆகும் என்று சொல்லியவர் யாருமில்லை. எங்கள் தெருவிலேயே அப்படிப் போன ஒருவரின் மனைவி, தபால்காரரைக் கண்டால் எழுந்து நிற்பதும் உட்காருவதுமாக இருந்தாள். அக்காள் அவளைத் தினமும் பார்த்தாள்.

அத்தான் போவதென்று முடிவு செய்தார். உப்புக் காற்றுக்குத் தாங்க வேண்டுமே என்று தேக்கில் ஒரு பெட்டி செய்வித்து, பட்டறையில் வைத்துப் பூச ஆரம்பித்தார். கோச்சு வண்டிக்கு உண்டான முழு வேலை. அந்த வருஷம் அதுவரை எங்கள் கையில் முழு வேலை கண்ட ஒரே சாமான் அந்தப் பெட்டிதான்.

அந்தப் பெட்டிக்கு ஒரு வினோதமான விதி இருந்தது. ஒவ்வொரு பூச்சும் பாதி காய்ந்திருக்கும்போது மூடியில் ஒரு தடம் விழும். நடுவில் பதிந்து, கெட்டியாகிவிடும். அத்தான் குனிந்து பார்ப்பார்.

"பல்லி," என்பார்.

"பல்லியா, அத்தான்?"

"பின்ன? எலின்னா வாலு பட்டிருக்கும்."

நுரைக்கல்லை எடுத்துத் தடம் போகும்வரை தேய்ப்பார். மறுபடி பூச்சு. மறுபடி பல்லி. குறையுள்ள பெட்டியோடு அத்தான் கப்பலேற மாட்டார். மேல்சட்டை கிழிந்திருந்தாலும் ஏறுவார். இது எனக்குத் தெரியும். மத்தியானச் சோறு கொண்டுவருகிற அக்காளுக்கும் தெரியும்.

அவள் கட்டைவிரலில் அரிவாள்மணை வெட்டிய பழைய தழும்பு ஒன்று, சாய்வாக ஓடும். பெட்டியின் மேல் விழுந்த தடத்திலும் அந்தச் சாய்வுக்கோடு ஓடியது. கோடு போடுகிறவன் நான். எந்தக் கோடு யாருடையது என்று எனக்குத் தெரியாதா? பல்லியென்றே நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியே மாசி போய், பங்குனி போய், ஆனியும் வந்துவிட்டது. ஆடி நெருங்க நெருங்க அத்தான் கடைசிப் பூச்சு என்று ஒன்றைப் பூசினார். அது காய்ந்தால் தூத்துக்குடி.

அதற்கு மறுநாள்தான் மேலரத வீதியில் சாரட்டு வெளுத்தது.

காலையில் வந்த வண்டி

விடிந்து கொஞ்ச நேரத்தில், அதே சாரட்டு எங்கள் பட்டறை வாசலில் நின்றது. பிள்ளையின் காரியஸ்தர் முன்னால். ஆறுமுகம் பின்னால், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"சாயங்காலம் பொண்ணு மாப்பிள்ளை ஊர்வலம்," என்றார் காரியஸ்தர். "இந்தத் தேமலோட வண்டி கிளம்பினா பிள்ளைவாள் வீட்டுக்குள்ளயே இருந்துக்கிடுவேன்னு சொல்லுதாரு. பொண்ணோ அழுதுக்கிட்டே இருக்கு. என்ன செய்வீரோ தெரியாது."

என் வார்னிஷ்காரப் பெருமை வாய் திறந்தது. "மாசக்கணக்கா ஆகுத வேலைய ஒரு பகல்ல கேட்டா?"

அத்தான் என்னைப் பார்க்கவே இல்லை. கதவின் மேல் விரலை வைத்து மெதுவாக ஓட்டினார்.

ஆறுமுகம் சொன்னான்: "அண்ணாச்சி, எம்மேல கோவமிருந்தா நாளைக்கு ரெண்டு அடி அடிங்க. இன்னைக்கு வழி சொல்லுங்க. நான் தேய்க்கத் தேய்க்க மறுபடி வெளுக்குது."

"வெளுக்காம என்ன செய்யும்? காத்துல ஈரம் கிடக்கு. அரக்குக் கெடலவே. ஈரந்தான் உள்ள மாட்டிக்கிட்டு நிக்குது. அத வெளிய விடணும்." அத்தான் துண்டைக் கழற்றி வெளியே எறிந்தார். "மாப்ள, சாக்கையெல்லாம் அவுரு. தண்ணி தெளிக்காத. கரிச் சட்டி கொண்டா."

எங்கள் அறையின் வழக்கமெல்லாம் அன்றைக்குத் தலைகீழானது. ஈரம் இருந்த இடத்தில் கணப்பு. இடம் போதவில்லை என்று அந்தப் பெட்டியைத் தூக்கி, பூச்சுக் காயாமலே, ஆள் பிடித்து வீட்டுக்கு அனுப்பினோம். அறை அடுப்பங்கரை போலச் சூடேறியது. சாரட்டை உள்ளே தள்ளி, மரத்தில் இளஞ்சூடு ஏறியதும் கரிச் சட்டிகளை வெளியே எடுத்தோம். சாராயம் இருக்கிற இடத்தில் நெருப்பு ஆகாது. கதவை அடைத்தோம். பிறகு ஆறுமுகத்தின் முறை.

அவன் பஞ்சை மெல்லிய துணியில் கட்டினான். சாராயம் பட்டும் படாமல் தொட்டு, மேலே ஒரு சொட்டு எண்ணெய். பிறகு அவன் கை போயிற்று. அதைத் தேய்ப்பது என்று சொல்ல மனம் வரவில்லை. பசு கன்றை நக்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வளவு மென்மை, அவ்வளவு அவசரமின்மை, ஆனால் எங்கும் நிற்பதில்லை. நின்றால் அரக்கு இளகி ஒட்டிக்கொள்ளும். அவன் கை போன வழியில் வெள்ளை விலகியது. அடியிலிருந்து கறுப்பு, பொழுது விடிவதற்கு நேர்மாறாக, எழுந்து வந்தது.

அத்தான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். என் காதருகே சொன்னார்: "இந்தக் கை எனக்கு வராது, மாப்ள."

சாராயம் தின்றுவிட்ட இடங்களில் நான் பொன் கோட்டை மறுபடி இழுத்தேன். கடைசியாக, அத்தான் தேன்மெழுகை உருக்கி, துணியால் மெலிசாக ஏற்றித் துடைத்தார்.

"எத்தனை நாளைக்கு அண்ணாச்சி இது நிக்கும்?" என்றான் ஆறுமுகம்.

"இன்னைக்குச் சாயங்காலம் நிக்கும்," என்றார் அத்தான். பத்து வருஷம் என்று சொல்லிப் பழகிய வாய் அது. தன் குரலைத் தானே கேட்டது போல ஒரு கணம் நின்றார்.

மறுபடியும் சாரல்

அன்று ஊர் முழுக்க வீதிக்கு வந்துவிட்டது. கல்யாணத்துக்காக அல்ல, தேமலுக்காக. சாரட்டு புறப்பட்டது. நாங்கள் மூன்று பேரும் கூட்டத்தோடு நடந்தோம். பிள்ளை வண்டிக்குப் பக்கத்திலேயே வந்தார். ஒரு கண் மகள் மேல், ஒரு கண் மேற்கு வானத்தின் மேல்.

தெற்கு வீதி திரும்பும்போது வந்தது சாரல். ஆறுமுகம் என் தோளைப் பிடித்தான். அவன் விரல்கள் என் எலும்பைத் தொட்டன.

துளிகள் மெழுகின் மேல் விழுந்தன. விழுந்து, பரவாமல், முத்து முத்தாக எழுந்து நின்றன. ஒவ்வொரு முத்துக்குள்ளும் ஒரு தீவட்டி. வண்டி ஒரு குலுங்கு குலுங்கியதும், எல்லா முத்தும் ஒன்றாக உருண்டு விழுந்தன. கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

முந்தின நாள் கேட்ட அதே குரல்: "ஏலே, சோப்புப் போட்டுக் குளிச்சிட்டு வந்திருக்குலே!"

பெண் தலை நிமிர்ந்து சிரித்தாள். பிள்ளை மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். அது சாரலா வேறா என்று கேட்க வேண்டியதில்லை.

"பத்து வருஷத்த வச்சி என்ன செய்ய?"

கல்யாண ஆரவாரம் ஓய்ந்தபின் பிள்ளை பட்டறைக்கு வந்தார். தாம்பாளத்தில் பழமும் வேட்டியும், அத்தானுக்கும் ஆறுமுகத்துக்கும் ஒரே மாதிரி. என் வாய் சும்மா இருக்கவில்லை.

"முதல்லயே எங்ககிட்ட விட்டிருந்தா இவ்வளவு தொல்லை இல்லையே, அண்ணாச்சி?"

பிள்ளை சிரித்தார். "வே, உம்ம அத்தான் நல்ல வேலைக்காரர். அது ஊருக்கே தெரியும். ஆனா அவரு என்னை ஒரு வார்த்தை கேக்கலியே! ஆவணியில எனக்கு மோட்டார் வருது. வந்ததும் இந்த வண்டிய எவன் தலையிலயாவது கட்டப்போறேன். எனக்கு ஒரு சாயங்காலம் மினுங்கினாப் போதும். இவரு பத்து வருஷம், பத்து வருஷம்ங்காரு. பத்து வருஷத்த வச்சி நான் என்ன செய்ய? மோட்டாருக்கு ஊறுகாயா?"

அத்தான் முதலில் விழித்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்த முடியாமல் சுவரில் சாய்ந்துவிட்டார். மாதக்கணக்கில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

மலிவைத் தேடி எதிர்க்கடைக்குப் போனவர்களை நாங்கள் கண் தெரியாதவர்கள் என்று நினைத்திருந்தோம். அவர்களுக்குத் தங்கள் தேவை தெரிந்திருந்தது. ஒருவர் ஒரு சாயங்காலத்தைக் கேட்டு வந்தார், ஒருவர் ஒரு பக்கத்தைக் கேட்டு வந்தார். எல்லாருக்கும் நாங்கள் பத்து வருஷத்தை நீட்டிக்கொண்டிருந்தோம்.

அடுத்த வாரம் வண்டிகள் வந்தன. "பிள்ளைவாள் வண்டிக்குப் போட்ட மாதிரி" வேண்டுமாம். அத்தான் எல்லாரையும் உட்கார வைத்து ஒரே கேள்வி கேட்டார்: "எத்தனை நாளைக்கு மினுங்கணும்?" ஒரு நாள் என்றால் ஆறுமுகம். அப்போதும், "மழைக்கு ஆகாது, பிறகு வந்து நிக்கப்படாது," என்று அத்தான் சொல்லித்தான் வாங்குவார். பத்து வருஷம் என்றால் அத்தான். தெருவுக்கு இந்தப் பக்கம் ஒரு கடை, அந்தப் பக்கம் ஒரு கடை, நடுவில் ஒரே கூட்டு. ஒருநாள் வேலைகள் அடுப்பெரித்தன. அந்தத் தணலில் குளிர்காய்ந்துகொண்டு முழு வேலைகள் பொறுமையாக வந்தன. வலப்பக்கத்து வாத்தியார்கூட வந்தார். மறு வருஷம் வந்து இடப்பக்கத்துக்கும் சொன்னார். சுவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

அந்த மலிவு தேடிகளை இன்று நன்றியோடு நினைக்கிறேன். அவர்கள் தந்த ஒருநாள் வேலையில்தான் எங்கள் வீடு நின்றது.

பல்லி

பெட்டியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

சாரட்டு வேலையன்று வீட்டுக்கு அனுப்பிய பெட்டியின் காயாத மூடியில், அத்தான் திரும்பி வருவதற்குள் பல்லி வந்து போயிருந்தது. அத்தான் பார்த்தார். இந்தத் தடவை நுரைக்கல்லை எடுக்கவில்லை. நாட்கள் போயின. பூச்சுக் காய்ந்து, தடம் கல்லில் வெட்டியது போல நின்றுவிட்டது.

அக்காளுக்கு அதுதான் பயம். இந்த மனிதர் தேய்க்காமல் விட்டுவிட்டாரே; குறையோடேயே கிளம்பிவிடுவாரோ? ஆடி பிறக்க இருந்தது. ஒரு மத்தியானம், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தவரிடம் கேட்டாள். நான் அங்கேதான் இருந்தேன்.

"பெட்டிக்கு அடுத்த பூச்சு எப்போ?"

"அது முடிஞ்சிட்டு."

அக்காளின் கை மோர்ச் செம்பிலேயே நின்றுவிட்டது.

"நாளைக்கு மூட்டை வருது," என்றார் அத்தான், சோற்றிலிருந்து கண்ணெடுக்காமல். "அரிசியக் கொட்டி வை. நல்ல பெட்டி, வண்டு அண்டாது."

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும் மோரை இலைக்கு வெளியே ஊற்றினாள்.

"அந்தப் பல்லித் தடம் அப்படியே கிடக்கே?"

"கிடக்கட்டும். அந்தப் பல்லிக்குக் கட்டைவிரல்ல தழும்பு உண்டுன்னு எனக்கு மொத தடவையே தெரியும்."

"தெரிஞ்சுமா ஒவ்வொரு தடவையும் தேய்ச்சுத் தேய்ச்சுப் பூசுனீய?"

"பின்ன?" என்றார் அத்தான். "நான் மட்டும் என்ன, கப்பலுக்கு ஓடவா நின்னேன்?"